சாய்தளத்தில் நின்ற மொபெட்

"இது வண்டி நிறுத்துற இடமா?"

ஹரிப்ரியா போட்ட சத்தத்தில், பூங்காவுக்குள் போய்க்கொண்டிருந்த பதினைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பூங்காவை ஒட்டிய அருங்காட்சியகத்துக்கு ஏழு படி. படிகளை ஒட்டி, சக்கர நாற்காலி ஏறுவதற்கென்று ஒரு சாய்தளம். அதன் குறுக்கே ஒரு பழைய மொபெட்.

காவலாளி ஜெபசிங் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"பின்னாடி ஒரு வழி கீது மேடம். சாமான் எறக்குற வாசல். நானே தள்ளிக்கினு போறேன்."

"பின்வாசலா? எங்கப்பா என்ன அட்டைப்பெட்டியா? எல்லாரும் போற வழியாத்தான் அவரும் போவார். வண்டிய எடுங்க."

"வோணாம் மேடம். சொன்னா கேளுங்க."

"எழுந்து ஒரு வண்டியைத் தள்ள அவ்வளவு சோம்பலா?"

அப்பா சுப்புராமன் சக்கர நாற்காலியில் இருந்தார். அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். இரண்டு வருடமாக இடது பக்கம் விளங்கவில்லை. உள்ளே இருக்கும் திமிங்கில எலும்புக்கூட்டை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அருங்காட்சியகத்தை மூட இன்னும் நாற்பது நிமிடம்.

"ஹரி, ஏழு படி உயரத்துக்கு இந்த நீளம்..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்கப்பா. உங்களுக்காகத்தானே பேசிட்டிருக்கேன்."

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் கைப்பேசியில் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

"இன்னா அண்ணாத்த, உன் வூட்டு வாசல்னு நெனச்சுக்கினியா?" என்றார் இன்னொருவர். நாலு பேர் சிரித்தார்கள். ஜெபசிங் தலையைக் குனிந்துகொண்டார்.

சத்தம் கேட்டுக் கண்காணிப்பாளர் பரணிதரன் வெளியே வந்தார். சாய்தளத்தின் திறப்பு விழாக் கல்வெட்டில் மூன்றாவது பெயர் அவருடையது. அவர் முதலில் கைப்பேசியைப் பார்த்தார். பிறகுதான் நாற்காலியைப் பார்த்தார்.

"யோவ், எத்தனை தடவை சொல்றது? மாற்றுத்திறனாளிங்க போற வழிய மறிக்கிறியே, நீ மனுசனா? பாருங்க மேடம், இவனை மாதிரி ஆளுங்களாலதான் எங்களுக்குக் கெட்ட பேரு. நாளையிலேருந்து நீ வேலைக்கு வராதே. எடு வண்டிய!"

"சார்... சாவி..."

"எதிர்த்துப் பேசாதே! எடு!"

ஜெபசிங் அவர் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். பிறகு பூட்டியிருந்த வண்டியின் பின்சக்கரத்தைத் தூக்கி, தரதரவென்று இழுத்து ஓரமாக வைத்தார். கூட்டம் கைதட்டியது.

ஹரிப்ரியா நாற்காலியைத் தள்ளினாள். பரணிதரனும் படம் பிடிக்கிற பக்கம் சிரித்துக்கொண்டே ஒரு கை கொடுத்தார்.

ஐந்தடி ஏறியதும் நாற்காலி நின்றது. முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின. ஹரிப்ரியா செருப்பு வழுக்கி ஓரமாக விழுந்தாள். பரணிதரன் கையை எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் குதித்தார். நாற்காலி பின்னால் உருண்டது.

ஜெபசிங் ஓடி வந்து குறுக்கே விழுந்தார். கைப்பிடி அவர் தோளில் இடித்து நாற்காலி நின்றது. சுப்புராமனுக்கு ஒரு கீறல் இல்லை. ஜெபசிங்குக்கு வலது கையைத் தூக்க முடியவில்லை.

"காலையில தண்ணி ஊத்திக் கழுவினது. ஈரம் காயலை போல" என்றார் பரணிதரன். யாரும் கூப்பிடாத கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டார்.

"ஏழு படிக்கு நாற்பது அடி நீளம் வேணும். இது பன்னிரண்டு அடிதான் இருக்கு. அதைத்தான் அப்பவே சொல்ல வந்தேன்" என்றார் சுப்புராமன்.

ஹரிப்ரியா நாற்காலியைப் பின்வாசல் பக்கம் திருப்பினாள்.

கைதட்டின கூட்டம் அதற்குள் ஐஸ்கிரீம் கடைக்குப் போயிருந்தது. ஜெபசிங் இடது கையால் ஒரு பக்கமும் ஹரிப்ரியா மறுபக்கமுமாக நாற்காலியைப் பின்வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வழியில் ஒரு மேடு இல்லை. ஒரு வாய்க்கால் மட்டும் இருந்தது. அதன் மேல் இரண்டு பலகைகளைச் சேர்த்து ஆணி அடித்து, வழுக்காமல் இருக்கச் சாக்கு போட்டிருந்தது.

"யார் போட்டது இது?" என்றார் சுப்புராமன்.

"நாந்தான் சார். பொங்கலப்போ ஒருத்தர் அந்த ரேம்ப்புலேந்து உருண்டு வுழுந்து ரெண்டு பல்லு பூட்ச்சு. அப்பால வந்தவங்க பத்தொம்பது பேரையும் இந்த வழியாத்தான் இட்டாந்தேன். நீங்க இருவதாவது ஆளு."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே!" என்றாள் ஹரிப்ரியா.

"ரேம்ப்பு சரியில்லன்னு வெளிய சொன்னா வேல பூடும்னு சொல்லி வெச்சிருந்தாங்கம்மா." ஜெபசிங் சிரித்தார். "இப்ப சொல்லாமலே பூட்ச்சு."

திமிங்கிலத்தின் முன் சுப்புராமன் நாற்காலியை நிறுத்தச் சொன்னார். பிறகு விரல் விட்டு விலா எலும்புகளை எண்ண ஆரம்பித்தார். ஒரு பக்கம் முடிவதற்குள் மூடுகிற மணி அடித்துவிட்டது.

வெளியே வந்ததும் ஹரிப்ரியா ஜெபசிங்கின் முன்னால் வந்து நின்றாள்.

"மன்னிச்சிடுங்கண்ணா. யாரும் ஏறிடக் கூடாதுன்னுதான் வண்டியைக் குறுக்கே விட்டிருக்கீங்க. அது புரியாம வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். இந்தக் கையோட நீங்க அதை ஓட்ட வேண்டாம். கார்ல வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு உங்களை வீட்டுல விடறோம். வண்டி இங்கேயே இருக்கட்டும்."

"எனக்கு ஏதும்மா வண்டி? நெம்மேலிலேந்து பஸ்ஸுல வர்றவன் நானு" என்றார் ஜெபசிங். "அது பரணிதரன் சாரோட பழைய வண்டி. அந்தாளு பல்லு பூட்ச்சு பாரு, அன்னிக்கு அவருதான் கொணாந்து குறுக்க வுட்டுப் பூட்டினாரு. சாவி இப்பவும் அவரு பாக்கெட்டுலதான் கீது."