கண்ணைப் பார்க்காத பிள்ளை

“ஆட்டிசம் இருக்கிற பொண்ணும்மா. பாடம் நடத்தினா ஜன்னலைப் பார்க்குறா. கண்ணைப் பார்க்காத பிள்ளைக்குக் காதுல என்ன ஏறும்? வேற பள்ளிக்கூடம் பாருங்க” என்றார் தலைமையாசிரியர். குழந்தை மனசு பற்றிப் பேச மைக் கிடைத்தால் மேடையை விட்டு இறங்காதவர்.

“ஏறுது சார். ஜன்னலைப் பார்த்தாத்தான் அவளுக்குக் காதே திறக்கும். டீச்சர்கிட்ட சொன்னேன்” என்றாள் அம்மா.

“அன்னைக்கே ஜன்னலோரம் மாத்திட்டேன் சார்” என்றாள் வகுப்பாசிரியை. “இப்ப வாய்ப்பாடு தலைகீழா ஒப்பிக்கிறா. வீட்டுல இவங்க, இங்க நான், ஒரே மாதிரி சொல்லிக் கொடுக்குறோம். அவளை அனுப்ப விடமாட்டோம்.”

“உம்... கண்ணைப் பார்க்கணும்மா. அதுதான் கவனம், அதுதான் மரியாதை.”

அம்மாவும் ஆசிரியையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சார், நாங்க இவ்வளவு நேரம் சொன்னது கேட்டுச்சா?” என்றாள் அம்மா.

“ஒரு வார்த்தை விடாம! ஜன்னல், வாய்ப்பாடு, விடமாட்டோம்... எல்லாம் கேட்டுச்சு. ஏன்?”

“இல்ல, நாங்க வந்ததுல இருந்து நீங்க செல்போனை விட்டுக் கண்ணையே எடுக்கலையே!”

தலைமையாசிரியர் முதல்முறையாக நிமிர்ந்தார். எதிரே இருந்தவர்களின் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

“அவ அங்கேயே உட்காரட்டும்” என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.