மிச்சமிருந்த ஜோடி

மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் ஓடும் எங்கள் குழுவில் ஆறு பேர். ஞாயிறு காலை, புளியமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஷூ மாட்டுவோம். ஓடி முடித்தவர் செருப்புக்கு மாறிக்கொள்வார். மரத்தடியில் ஒரு ஜோடி மிச்சமிருந்தாலும் யாரும் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது.

மூன்று மாதமாக மிச்சமிருந்தது என் ஜோடிதான். மற்ற ஐவரும் வண்டிச் சாவியோடு காத்து நிற்பதைப் பார்த்தாலே மானம் போகும். இன்றோடு குழுவிலிருந்து நின்றுவிடலாம் என்று நினைத்துக்கொண்டேதான் போன மாதம் ஒருநாள் ஓடினேன். வழியில் அடி அண்ணாமலை ஊருக்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நொண்டியபடி வந்து சேர்ந்தேன்.

"சாரிங்க, இன்னிக்கும் நிக்க வெச்சுட்டேன்."

"நீங்க கடைசி இல்லீங்க மெஹ்ஜபீன். இன்னும் ஒருத்தர் வரணும்" என்றார் காத்து நின்ற வல்லரசு.

செருப்பை மாட்டினேன். இப்போது ஆறு பேர் காலிலும் செருப்பு இருந்தது. மரத்தடியில் இன்னொரு ஜோடி, பழைய நீல ரப்பர் செருப்பு.

"யாருதுங்க?"

"தெரியல. ரூல் ரூல்தானே."

எட்டு மணி வரை காத்திருந்தோம். யாரும் வரவில்லை. அந்த ஜோடியை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும், கிளம்பும்போது ஆறு ஜோடி, திரும்பும்போது அந்த ஏழாவதும் இருக்கிறது. யாரும் என்னைப் பார்த்துச் சாவியை ஆட்டுவதில்லை. நிம்மதியாக, என் வேகத்தில் ஓடுகிறேன். பின்னால் வெறுங்கால் சத்தம் வந்துகொண்டே இருக்கிறது. நான் நடந்தால் அதுவும் நடக்கிறது. இதுவரை ஒருமுறைகூட என்னை முந்தியதில்லை.