காலியாக விடக் கூடாத கட்டம்

"அழுதுச்சா, இல்லையா?"

"தெரியலீங்கம்மா."

"தெரியலைன்னு எழுதறதுக்கு இதுல கட்டமே இல்லை, செல்லமுத்து. பொறந்ததும் அழுத கொழந்தை, உயிரோட பொறந்த கொழந்தை. எத்தனை வருஷம் கழிச்சு யார் கேட்டாலும் இந்தக் காகிதம் பதில் சொல்லணும். காலியா விடாதே."

டாக்டரம்மா, அவன் நிரப்பிப் பழகிய பிரசவக் குறிப்புக் காகிதத்தை அவன் பக்கம் தள்ளினார். பின்பெஞ்சில் கூடப் படிக்கும் அப்புசாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா காளியாத்தாள் மட்டும் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

அது திங்கட்கிழமை. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குறிப்புகளை எழுதி, அடுக்கி, பாதுகாக்கக் கற்றுத் தரும் மூன்று மாதப் படிப்பு அந்த வாரத்தோடு முடிகிறது. பரீட்சைக்கு ஆளுக்கொரு பழைய கட்டு; எண் வரிசையில் அடுக்கி முழுசாக ஒப்படைக்க வேண்டும். செல்லமுத்துவுக்கு வந்தது 1924-ஆம் வருஷத்துப் பிரசவக் கட்டு. காவிரி வெள்ளம் உள்ளே புகுந்து காகிதமெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது.

மொத்தம் இருநூற்று நாற்பது. ஒன்று குறைந்தாலும் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் வெண்ணந்தூருக்குத் திரும்பி, அப்பனுக்குப் பக்கத்தில் தறிக்குழியில் காலை விட வேண்டியதுதான்.

வியாழக்கிழமை காலையில் எண்ணிப் பார்த்தான். இருநூற்றுப் பதினொன்றுக்கு அடுத்தது இருநூற்றுப் பதின்மூன்று. மூன்று தடவை எண்ணியும் அப்படியேதான் இருந்தது.

"வாசல்ல கடலைக்காரன்கிட்டப் போய்த் தேடு," என்றான் அப்புசாமி. "சண்டைக் காலத்துல காகிதம் எங்க கெடைக்குது? உன்ற பிரசவக் கேசு இந்நேரம் பொட்டணமாகிச் சந்தைக்குப் போயிருக்கும்."

செல்லமுத்து சிரிக்கவில்லை. வாரம் ஒருமுறை குறிப்பறையைக் கூட்டுகிற ஆயா, திங்களிலிருந்து தினமும் மூன்று தடவை கூட்டுவது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏனுங்க ஆயா, நேத்து அந்த ரூமுல அத்தனை நேரம் என்ன பண்ணுனீங்க?"

"கூட்டுனனுங்க சாமி."

சொல்லும்போதே அவள் கை, கழுத்துக் கயிற்றில் தொங்கிய தகரத் தாயத்தைப் போய்ப் பற்றியது. மடியில் கனமில்லாதவள் சாமியை எதற்குத் துணைக்குக் கூப்பிடுகிறாள்? அவன் முடிவு கட்டிவிட்டான்.

மத்தியானம் சோற்று நேரத்தில் அவள் பின்னாலேயே போனான். துணி வெளுக்கும் கல்லுக்குப் பின்னால் குந்தியிருந்தாள். மடியில் பழுப்புக் காகிதம். எழுத்தின் மேல் விரலை வைத்து, குழந்தையின் முதுகைத் தடவுவது போலத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அகப்பட்டுக்கிட்டீங்களா! எந்தக் கடைக்குங்க இது?" என்று பிடுங்கினான்.

அவள் ஓடவில்லை. அவனும் அவளைப் பார்க்கவில்லை, காகிதத்தைத்தான் பார்த்தான். கிழியவில்லை. பேர், ஊரெல்லாம் அவனுக்கெதற்கு? கட்டங்கள் நிறைந்திருந்தால் போதும். இங்கிலீஷில் ஒவ்வொன்றாகப் படித்தான். பெண். ஐந்தே முக்கால் ராத்தல். பிறந்ததும் அழுததா: ஆம். தாயையும் சேயையும் கணவனின் தாயார் அழைத்துச் சென்றார்.

ஒரு கட்டமும் காலியில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

"விக்கறதுக்கில்லீங்க சாமி."

காளியாத்தாள் எழுந்து, கழுத்துத் தகரத்தைக் காகிதத்தின் மூலையில் வைத்துப் பிடித்தாள். அது தாயத்தல்ல. பிரசவத்துக்கு வருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி மாட்டிவிடுகிற வில்லை. காகிதத்திலும் 212, வில்லையிலும் 212.

"எழுத்துத் தெரியாதுங்க. வெள்ளத்துல நனைஞ்ச கட்டுல இந்த மூணு கோட்டையும் ஒத்துப் பாத்துத்தான் எடுத்தேன். வெள்ளம் வந்த வருசமுங்க அது. மொத ரெண்டும் பொட்டப் புள்ளைங்க. மூணாவதுக்கு வலிப்பு வந்து எனக்கு நெனப்பே இல்லீங்க. வில்லையைக்கூடக் கழட்டாம வண்டியில போட்டு ஊட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க. மூணாம் நாள் கண்ணு முழிச்சேன். என்ற மாமியா சொன்னாங்க, செத்தே பொறந்துச்சு, பொதைச்சாச்சுன்னு."

செல்லமுத்துவின் விரல்கள் காகிதத்தை மெல்ல மடிக்கத் தொடங்கின.

"பத்தொம்பது வருசமா நம்பவும் முடியலை, கேக்கவும் ஆளில்லை. இதெல்லாங்கூட எழுதி வெப்பாங்கன்னு திங்கக்கெழமைதாங்க தெரிஞ்சுது."

அவள் அவன் கையைப் பிடித்து, மடிப்பைப் பிரித்தாள்.

"அந்த ஒரு கட்டத்தை மட்டும் படிச்சுச் சொல்லுங்க சாமி... அழுதுச்சா, இல்லையா?"