சிவப்புப் பொட்டு

காற்றாடி அசையவே இல்லை. தகட்டில் வெட்டிய நாலு இறக்கைகள், ஓரமெல்லாம் கத்தி.

"காலையிலேருந்து உயிரை வாங்குதுடி!" என்று கத்தினாள் அண்ணி. பக்கத்துப் பட்டறையில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. கத்தினால்தான் காதில் விழும்.

"எங்கண்ணன் மாதிரிதான் அண்ணி. நாலு தடவை சொன்னாத்தான் எழுந்திருக்கும்." சொல்லிக்கொண்டே நாத்தனார், சுற்றும்போது வேகத்தை எண்ணுவதற்காக இறக்கையில் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்தாள்.

அந்த அண்ணனின் மூன்று விரல்களை இப்படி ஒரு காற்றாடிதான் கொண்டுபோனது. அன்றிலிருந்து அண்ணியின் பத்து விரல்களை நம்பித்தான் அடுப்பு எரிகிறது.

பட்டறைப் புகைக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். மேஜைமேல் ஒரே விளக்கு, அதுவும் மோட்டாரை ஓட்டும் சர்க்யூட் போர்டிலிருந்தே எரிந்தது.

"ஏன் அண்ணி இவ்வளவு மங்கல்?"

"நொடிக்கு நூறு தடவை அணைஞ்சு அணைஞ்சு எரியுதுடி. நம்ம கண்ணுதான் ஏமாந்து, விடாம எரியுதுன்னு நினைக்குது. மோட்டாருக்கும் இப்படித்தான் துடிப்பு துடிப்பா கரண்ட் போகணும். போக மாட்டேங்குது. நீ போய் அந்த வலைக்கூண்டைக் கொண்டா, மாட்டணும்."

நாத்தனார் பின்கட்டுக்குப் போனாள்.

அண்ணி கரண்டின் துடிப்பைக் காட்டும் ஸ்கோப்பின் முனையை போர்டின் கம்பிக்காலில் வைத்தாள். திரையில் துடிப்பு பல்வரிசை மாதிரி வந்தது. மோட்டார் பக்கம் வைத்தாள். வெறும் கோடு. நடுவில் ஈயப்பற்று விட்டுப்போயிருக்கிறது!

பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு குனிந்தாள். ஒரு சொட்டு ஈயம் வைத்து ஊதினாள். குனிந்தபடியே மறுபடி முனையை வைத்தாள். மோட்டார் பக்கமும் துடிப்பு வந்துவிட்டது.

அப்பாடா என்று கண்ணாடியைக் கழற்றி நிமிர்ந்தால், காற்றாடி அப்படியே நின்றது. நாலு இறக்கையிலும் மங்கலாக நாலு பொட்டு. 'இவளுக்குக் கை சும்மாவே இருக்காது' என்று சிரித்துக்கொண்டாள்.

சாத்திய அறையில் ஈயப்புகை பக்கவாட்டில் ஓடியது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

துடிப்பு வந்தும் ஓடவில்லை என்றால் மோட்டார் இறுகியிருக்கிறது. இறுகிய மோட்டாரை விரலால் ஒரு தள்ளு தள்ளினால் ஓடிவிடும். ஆயிரம் தடவை செய்த வேலைதான். அண்ணி வலது கையை நீட்டினாள்.

வலைக்கூண்டோடு நாத்தனார் வாசலில் வந்து நின்றாள்.

"ஏன்டி, நாலு இறக்கைக்கும் பொட்டு வச்சா எப்படி எண்ணுறது?" விரல் இறக்கைக்கு ஓர் அங்குலத்தில் இருந்தது.

கூண்டு கீழே விழுந்தது.

"ஒத்தை இறக்கையிலதான் வச்சேன் அண்ணி... கண்ணு ஏமாறுது, அது சுத்துது, கையை எடுங்க!"