யாரும் ஏறாத பஸ்

துர்கா செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். கொளத்துமேட்டிலிருந்து தாம்பரம் போகும் ஒரே பஸ். காலை ஏழு மணிக்கே படிக்கட்டு வரை பெண்கள்.

"அறுபத்தாறு, அறுபத்தேழு, அறுபத்தெட்டு..."

"என் கூடையையும் ஒரு ஆளா சேத்துக்கோடி. அதுவும் நின்னுகினுதான் வருது," என்றாள் கீரை விற்கும் குப்பம்மா.

துர்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமையிலிருந்து பஸ் ஊருக்குள் வராது என்று நேற்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். காரணம், பயணிகள் இல்லையாம். ஆண்களுக்கு பைக் இருக்கிறது. பெண்களுக்கு இது ஒன்றுதான்.

கண்டக்டர் சவுரிமுத்து பின் கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டிக்கெட் மெஷின் கழுத்தில் சும்மா தொங்கியது. துர்கா அவரையும் சேர்த்தே வீடியோ எடுத்தாள். மூன்று மாதம் முன்பு பஸ் விட்ட முதல் வாரமே, கூட்டத்தில் இடிக்கிறார் என்று அவரோடு அவள் போட்ட சண்டை ஊருக்கே தெரியும். அன்றிலிருந்து மனிதர் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஆறு கிலோமீட்டர் குண்டும் குழியும். சிங்கப்பெருமாள் கோவிலில் மெயின் ரோடு ஏறியதும்தான் மெஷின் கிர்கிர்ரென்றது. பெண்களுக்கு டிக்கெட் இலவசம். வாங்கிய கையோடு அது ஜன்னலுக்கு வெளியே பறந்தது.

தாம்பரத்தில் இறங்கி நேராக டிப்போ மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள் துர்கா. வீடியோவை மேனேஜர் ஜெயகிருஷ்ணன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"ஊர்ல அறுநூத்திப் பதினேழு பேர் இருக்கோம் சார். எண்ணிப் பாருங்க. இதுல யாரு பயணி இல்ல?"

"ஊர்ல ஜனம் இருக்கலாம்மா. பஸ்ல இல்லையே." அவர் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். "மூணு மாசமா கொளத்துமேட்டுல ஏறினவங்க பூஜ்ஜியம். சிங்கப்பெருமாள் கோவில்ல பாருங்க, எழுபது, எண்பது. அதான் அங்கேருந்தே விட்டா போதும்னு மேல முடிவு பண்ணிட்டாங்க."

"அப்ப இந்த வீடியோ பொய்யா?"

"வீடியோவ மேல அனுப்ப முடியாதும்மா. இலவச டிக்கெட்டா இருந்தாலும், எந்த ஸ்டாப்ல கிழிச்சாங்களோ அங்கதான் ஆள் ஏறினதா அர்த்தம்."

"பிளஸ் டூ படிக்கிற பொண்ணுங்க பதினோரு பேர் சார். போன வருஷம் பஸ் இல்லாம, நடந்தே சலிச்சு ரெண்டு பேர் படிப்ப வுட்டுட்டாங்க. ஒருத்திக்குக் கல்யாணமே முடிஞ்சிபோச்சு."

ஜெயகிருஷ்ணன் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

துர்காவுக்குக் காது மடல் கொதித்தது. படித்தவள், ஊரில் முதல் டிகிரி, யார் திருடன் என்று கண்டுபிடிக்க அவளுக்கா தெரியாது? வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த சவுரிமுத்துவின் எதிரில் போய் நின்றாள்.

"எவன் சொல்லி இந்த வேலை பாக்கறீங்க? ஷேர் ஆட்டோக்காரனா? எவ்ளோ குடுத்தான்?"

"இன்னாம்மா பேஜார் பண்ற? காலைலேயே."

"எங்க ஊர்ல ஏறுறவங்களுக்கு எங்க ஊர்லயே டிக்கெட் கிழிக்காம, எதுக்கு மெயின் ரோட்டுல கிழிக்கறீங்க? அதனால பஸ்ஸே போச்சு. பதினோரு பொண்ணுங்க படிப்பு போச்சு. சொல்லுங்க, யாரு சொல்லிக் குடுத்தது?"

டீக்கடையே திரும்பிப் பார்த்தது. சவுரிமுத்து கிளாஸைக் கீழே வைத்தார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"மெயின் ரோடு வர்ற வரைக்கும் கூட்டத்துக்குள்ள கால வெச்சா செருப்பு பிஞ்சிடும்னு நீதானம்மா சொன்ன."