அட்டைக்கு ஒரு கோல்

வீரத்தின் உச்சத்தை ஒரு நொடிக்குள் சிறைபிடித்து வருங்காலத்துக்கு வழங்குபவனே விளையாட்டுப் புகைப்படக் கலைஞன் என்று மனைவியிடம் முழங்கிவிட்டுத்தான் தபால் பிரிவு கிளார்க் ஆபீஸ் டீமின் ஃபுட்பால் மேட்ச்சுக்குக் கிளம்பினார். கையில் இருந்ததோ, கேமராவோடு சும்மா வந்த கட்டைவிரல் நீள லென்ஸ்.

ஆபீஸ் ஆண்டு மலரின் அட்டைக்கு யார் படம் என்பதுதான் கேள்வி. போன வருஷம் அதே ஆபீஸில் இருக்கும் மச்சினனின் படம் வந்ததிலிருந்து வீட்டில் அவர் பேச்சு எடுபடவில்லை.

மேட்ச் அன்று ஊரில் இல்லாத மேனேஜர், திங்கட்கிழமை இருவர் படங்களையும் மேஜையில் பரப்பினார். முழங்கை நீள லென்ஸால் மச்சினன் கேலரியிலிருந்து எடுத்ததில் ஆட்களின் முதுகுதான் தெரிந்தது. கிளார்க்கின் ஒன்பது படங்களிலும் எதிரணிக்காரன் உதைத்த பந்து, சேறு தெறிக்க, நேரே பார்ப்பவர் மூக்கை நோக்கி வந்தது.

"இந்தக் குட்டி லென்ஸ்லயா எடுத்தீங்க?"

"லென்ஸ் சின்னதுன்னா நாமதான் சார் கிட்டப் போகணும். பந்து எங்க வரும்னு தெரிஞ்சு, அங்க அசையாம நிக்கணும்."

மச்சினன் இருமினான்.

"பிரமாதம்யா! இதுதான் அட்டைப்படம். ஆமா, மேட்ச் என்னாச்சு?"

"ஒன்பது கோல்ல தோத்துட்டோம் சார்," என்றான் மச்சினன், பல்லெல்லாம் தெரிய.

"ஒன்பதா! அதான் ஒரு படத்துலகூட நம்ம கோல்கீப்பரைக் காணோம். எங்கய்யா தொலைஞ்சான் அந்த ஆளு?"

கிளார்க் கேமராவை மெல்ல உறைக்குள் போட்டார். அன்றைக்குக் கோல்கீப்பர் அவர்தான்.