கேபினும் ரப்பர் புஷ்ஷும்

ஒரு பிக்கப் வண்டியில, கேபினுக்கும் அதைத் தாங்குற அடிச்சட்டமான சேஸிஸுக்கும் நடுவுல, திண்டு மாதிரி ஒரு ரப்பர் புஷ் பதினஞ்சு வருஷமா நசுங்கிக் கிடந்துச்சு.

"யோவ் கிழவா, உன்னாலதான்யா நான் ஆடுறேன். எடத்தக் காலி பண்ணு"ன்னு கேபின் தினமும் ஏசும். ரப்பர் அதையும் வாங்கிக்கிட்டு நசுங்கிக் கிடக்கும்.

கடைசியில மெக்கானிக் அதைக் கழட்டி எறிஞ்சிட்டு, கல்லு மாதிரி ஒரு பாலியூரித்தேன் புஷ்ஷை மாட்டுனாரு. ஆட்டம் நின்னுபோச்சு. கேபினுக்குப் பெருமை தாங்கல.

முதல் பள்ளத்துலயே அடி நேரா மேல ஏறி, முன்கண்ணாடி விரிசல் விட்டுச்சு.

"டேய், அடியக் கொஞ்சம் வாங்கிக்கக் கூடாதாடா?"ன்னு கேபின் புது புஷ்ஷை அதட்டுச்சு.

"எனக்கு அந்தப் பழக்கமில்லண்ணே. வர்றத அப்படியே அனுப்பிருவேன்."

"அப்போ இத்தனை வருஷம் இந்த அடியெல்லாம் எங்கடா போச்சு?"

"அந்தக் கிழவரைக் கழட்டுறப்ப பாத்தேன். அந்தாளு உடம்பு பூரா வெடிப்பு."

கேபின் மெதுவா, "அவரு இப்போ எங்க இருக்காரு?"ன்னு கேட்டுச்சு.

"காலையிலயே குப்பையோட சேத்து எரிச்சுட்டாங்கண்ணே."